வரதமாநதிப் பள்ளத்தாக்கும் சைக்கிள் பையில் ஒரு வேட்டியும்

காலை 5.42-க்குச் செய்தி வந்தது. போனில் அம்மா. முந்தின நாள்தான் என் மனைவி சுகன்யாவுக்கு வருஷத் திதி முடிந்திருந்தது.

"ஏலே, முழிச்சுட்டியா? ஒங்க மாமா இப்பத்தான் பேசுனாரு. நீ சம்மதிச்சதுல அவுகளுக்கு அம்புட்டு சந்தோசம். இன்னைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு ஆயக்குடில பெரியவுக உக்காந்து தேதி குறிக்கிறாக."

"என்ன தேதி?"

"கல்யாணத் தேதிடா. சுகன்யா தங்கச்சியோட. நேத்து ஒங்க மாமா நீட்டுன தட்டை வெத்தலை பாக்கோட வாங்கிக்கிட்டியே, பொறகென்ன?"

திதி முடிந்ததும் மாமனார் மருமகனுக்கு வேட்டி எடுத்துக் கொடுத்துத் துக்கம் முடிப்பது எங்கள் வீடுகளில் வழக்கம். நான் அதுதான் என்று நினைத்து வாங்கினேன். வெறும் வேட்டி என்றால் துக்கத்துக்கு. மேலே வெற்றிலை பாக்கு இருந்தால் சம்பந்தத்துக்கு. நேற்று யார் எதை நீட்டினாலும் வாங்கிக்கொண்டிருந்தேன். விபூதி, காபி, வேட்டி. அம்மாவிடம் "ம்" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். ஒரு வருஷமாக எல்லாவற்றுக்கும் அதுதான் என் பதில். மரத்துப்போன காலை யாரோ மிதித்துக்கொண்டு போன மாதிரி இருந்தது. மிதித்தது தெரிகிறது, வலிக்கவில்லை.

பிறகு, ஏற்கனவே போட்ட திட்டப்படி சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

திட்டம் சுகன்யாவுடையது. அவள் ஆயக்குடிக்காரி, கொய்யாத் தோட்டத்துக்குள் வீடு. அங்கே கிணற்று மேட்டில் நின்று தெற்கே பார்த்தால் மலையில் ஓரிடம் மட்டும் கிள்ளி எடுத்தது போல உள்வாங்கியிருக்கும். வரதமாநதி அணைக்குத் தண்ணீர் இறங்கி வருகிற பள்ளத்தாக்கு அது. "மேகமெல்லாம் ராத்திரி அங்கதான் போய்ப் படுத்துக்கும்" என்பாள். சின்ன வயதிலிருந்து தினமும் பார்த்தாளே தவிர ஒருநாளும் போனதில்லை. இருவரும் சைக்கிளில் போவதாக மூன்று மார்கழி பேசினோம். துக்க வீட்டுக்காரர்கள் ஒரு வருஷம் மலை ஏறக் கூடாது என்பார்கள். கோயில் இருக்கிற மலைக்குச் சொன்னதுதான், ஆனால் அம்மா எல்லா மலைக்கும் சேர்த்துத் தடை போட்டிருந்தாள். நேற்றோடு தடை முடிந்தது.

திண்டுக்கல்லிலிருந்து ஆயக்குடி ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். கால் பலத்தை மலைக்கு மிச்சம் வைக்க நினைத்தால் காலையில் அந்தப் பக்கம் காலியாகத் திரும்பும் காய்கறி வண்டிகளைப் பிடியுங்கள். எனக்கு 6.10-க்கு ஒன்று கிடைத்தது, சைக்கிளோடு இருநூறு ரூபாய்.

"கொடைக்கானல் மலைக்கா? மிதிச்சேவா போறீக?" என்றார் டிரைவர்.

"ஆமாண்ணே."

"எறங்கையில மிதிக்க வேணாம்ல?"

"வேணாம்."

"அப்ப பாதிக் கஷ்டந்தான். ஏறுங்க அப்பு."

ஆயக்குடியில் 7.40-க்கு இறங்கினேன். மாமனார் தோட்டம் அந்தச் சாலையில்தான். வாசலில் நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போனேன்.

அணைக்கு ஏழு கிலோமீட்டர், கிட்டத்தட்ட சமதளம். தண்ணீர் எங்கே முடிகிறது, பனி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. நீர்க்காகம் ஒன்று பனிக்குள் இறங்கியது. இறங்கிய சத்தம் மட்டும் செத்த நேரம் கழித்து வந்தது. சோதனைச் சாவடியில் வனக்காவலர் பையைத் தொட்டுப் பார்த்து, பிளாஸ்டிக் பாட்டில் இல்லை என்றதும் விட்டார். "காட்டுமாடு குறுக்க நின்னா மணி அடிச்சுப் போடாதீங்க. அது போற வரைக்கும் நில்லுங்க. அதுக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க."

அங்கிருந்து பதினாறு கிலோமீட்டர் ஏற்றம். முதல் நாலைந்து வளைவு வரை கீழே அணை தெரியும், பிறகு மலை கதவைச் சாத்திக்கொள்ளும். இடப்பக்கம் பள்ளம். அடியில் ஆறு இருக்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியாது. மூங்கிலுக்குக் கீழே யாரோ தூக்கத்தில் பேசிக்கொண்டே வருவது போல ஒரு சத்தம் மட்டும். மேகம் எதிரே வந்தது. ஈரமாக முகத்தின் மேல் ஏறி, சைக்கிளைத் தாண்டி, பின்னால் போனது. நூற்பாலையில் மெயின்டனன்ஸ் எஞ்சினியர் வேலை எனக்கு. எங்கள் ஈரப்பதக் கூடத்தில் இதே ஈரத்தை மீட்டர் வைத்து அளப்பேன். இங்கே எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளவே தோன்றவில்லை. மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகம். பக்கத்தில் இன்னொரு சக்கரம் உருளுகிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுவிடும் என்று தோன்றியது.

மூன்று மணி நேரம் ஏறிய பிறகு பின் டயரில் காற்று இறங்கியது. சாலையோரப் பாறையில் சைக்கிளைச் சாய்த்து, பம்பை எடுக்கப் பையைத் திறந்தேன். பம்பும் கேமராவும் இடிக்காமலிருக்க ஒரு துணியில் சுற்றி வைத்திருந்தேன். அந்தத் துணி நேற்றைய வேட்டி. ராத்திரி கைக்குக் கிடைத்ததை எடுத்துச் சுற்றியிருக்கிறேன். பிரித்தபோது மடிப்புக்குள்ளிருந்து வாடிய வெற்றிலையும் இரண்டு கொட்டைப்பாக்கும் மடியில் விழுந்தன. வேட்டிக் கரை முழுக்கச் செயின் கிரீஸ். அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. டியூபை மாற்றினேன், வெற்றிலை பாக்கை மட்டும் ஈரக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்தேன், பாறையின் மேல் அப்படியே படுத்துத் தூங்கிப்போனேன்.

எழுந்து கடைசி இரண்டு கிலோமீட்டரையும் ஏறினேன். 2.20 மணி. ஒரு வளைவில் மேகம் விலகி, கீழே சமவெளி முழுக்கத் தெரிந்தது. சட்டைப் பையில் போன் அடித்தது. அதுவரை சிக்னலே இல்லை. மச்சினி. கோயம்புத்தூரில் ஆறு மாதமாக வேலை பார்க்கிறாள், திதிக்காக ஊருக்கு வந்தவள்.

"மாமா, எங்கிருக்கீங்க? காலைல இருந்து கூப்பிடறேன்."

"மலைல."

"மலைலயா? இங்க எனக்குக் கல்யாணத் தேதி பாக்கறாங்க, நீங்க சைக்கிள் ஓட்டறீங்களா? அந்த வெத்தலைய ஏனுங்க மாமா வாங்குனீங்க?"

"வேட்டி மட்டுந்தான்னு நெனச்சேன்."

"நல்ல எஞ்சினியரு!" சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகை ஆனது. "எனக்கு வேண்டாங்க மாமா. உங்களப் புடிக்காம இல்ல. அக்கா சட்டை எனக்கு எப்பவுமே தொளதொளன்னுதான் இருக்கும். நான் சொன்னா யாரும் கேக்கறதில்ல. 'அவரே வெத்தலை வாங்கிட்டாரு, உனக்கென்ன'ங்கறாங்க. தேதி எழுதிட்டா அப்புறம் அப்பா மாத்த மாட்டாரு. நீங்க வந்து சொன்னாத்தான் நிக்கும்."

வழக்கமான "ம்" தொண்டை வரை வந்தது. கீழே பச்சைச் சதுரங்களுக்கு நடுவில் ஒரு நீலத் தகரக் கூரை மின்னியது. அவர்கள் வீட்டு மோட்டார் ரூம். அதை ஒட்டித்தான் அந்தக் கிணற்று மேடு.

"வாரேன்," என்றேன். "நாலு மணிக்குள்ள வந்துர்றேன்."

"உங்க ட்ராவல் பிளாக்ல எழுதுவீங்கல்ல? என் பேரைப் போட்றாதீங்க."

இறக்கம் ஐம்பது நிமிஷம். டிரைவர் சொன்னது தப்பு, இறக்கம்தான் முழுக் கஷ்டம். பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விரல் விறைத்தது, ரிம் சுட்டது. ஆனால் ஒரு வருஷத்தில் முதல்முறையாக ஓர் இடத்துக்கு நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்று இருந்தது. விரல் வலித்தது. அது வலிதான் என்று தெரிந்தது.

3.50-க்குத் தோட்டத்துக்குள் நுழைந்தேன். கொய்யா மரத்தடியில் பெரியவர்கள் பஞ்சாங்கத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் அரைக்கால் டவுசர், ஹெல்மெட், முழங்கால் வரை சேறு. மாமனார் எழுந்து, "வாங்க மாப்ள, உக்காருங்க" என்றார். நான் உட்காரவில்லை. கைக்குட்டையைப் பிரித்து வெற்றிலை பாக்கை அவர் முன்னால் இருந்த தட்டில் வைத்தேன்.

"மாமா, இத நேத்துப் பாக்காம வாங்கிட்டேன். வேட்டின்னு நெனச்சுத்தான் வாங்குனேன். எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம். பாப்பாவுக்கும் வேணாம், அதையும் கேளுங்க."

ஒருவர் தொண்டையைச் செருமினார். "டவுசரோட வந்து வெத்தலையத் திருப்பிக் குடுக்கற மாப்ளய இன்னிக்குத்தான் பாக்கறேன்."

மாமனார் வாடிய வெற்றிலையையே பார்த்துக்கொண்டிருந்தார். சமையலறை வாசலில் நின்ற மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவர் பஞ்சாங்கத்தை மூடினார்.

"வேட்டி எங்கீங்க மாப்ள?"

"பையில இருக்குங்க மாமா. கிரீஸ் ஆயிருச்சு."

"அது போகாதுங்க. நீங்களே வச்சுக்கங்க. அது பெரியவளுக்காக எடுத்தது." பிறகு கேட்டார், "அந்தப் பள்ளத்துக்கா போயிட்டு வாறீங்க? சொல்லீட்டே இருப்பா. அங்க என்னதானுங்க இருக்குது?"

"அங்கிருந்து பாத்தா உங்க கெணத்து மேடு தெரியுதுங்க மாமா."

அவர் எழுந்து கிணற்றுப் பக்கம் போனார். ரொம்ப நேரம் தெற்கே பார்த்து நின்றார். பிறகு கொய்யா ஏற்றும் வண்டியில் என்னையும் சைக்கிளையும் திண்டுக்கல்லுக்கு அனுப்பி வைத்தார்.

போக நினைப்பவர்களுக்கு: அணையைத் தாண்டி நான் போன தூரத்துக்குத் திறந்த கடை எதையும் பார்க்கவில்லை, மூன்று லிட்டர் தண்ணீர் உலோகப் பாட்டிலில் கொண்டுபோங்கள். முள் அதிகம், இரண்டு டியூப் வேண்டும். புது பிரேக் கட்டை மாட்டிக்கொள்ளுங்கள். மூன்று மணிக்குள் இறங்கத் தொடங்குங்கள், இருட்டினால் அது யானையின் சாலை. துணையோடு போக முடிந்தால் அடுத்த மார்கழிக்கு என்று தள்ளிப்போடாதீர்கள். யாராவது தட்டு நீட்டினால் மேலே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மேகம் அங்கே படுக்கத்தான் போகிறது, சுகன்யா சொன்னது சரி. நானும் அதன் பக்கத்தில் இரண்டு மணி நேரம் படுத்திருந்தேன்.

அம்மாவிடம் நானே பேசி, "மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் அழுதாள், பிறகு சாப்பிட்டாயா என்று கேட்டாள். இப்போது சித்தப்பாக்களும் அத்தைகளும் வரிசையாகக் கூப்பிடுகிறார்கள். கிரீஸ் பட்ட வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன். போனை அணைத்துவிட்டேன்.