மறுபடியும் கேட்ட கேள்வி

அமெரிக்காவில், எங்கள் ஃபிரிஸ்கோ வீட்டுச் சமையலறையில், திறந்திருந்த கேபினட் கதவில் என் கணவர் தலையை இடித்துக்கொண்டார். வீக்கத்தில் தைலம் தடவினேன். அந்த வாசனையில் மதுரை வீடு வந்துவிட்டது.

என் சின்ன வயதில், அங்கே குளியலறையில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்ட அப்பாவுக்கு அம்மா இதே தைலத்தைத்தான் தடவினாள். "நான் காபி குடிச்சேனா?" என்றார் அப்பா. குடித்த டம்ளர் அவர் கையிலேயே இருந்தது. பிள்ளைகள் சிரித்தோம். மறுபடியும் அதையே கேட்டார். அம்மா சிரிக்கவில்லை.

"குடிச்சீங்க. வாங்க, டாக்டர்ட்ட போயிட்டு வந்துருவோம்" என்று சட்டையை மாட்டிவிட்டாள். பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தாள். அப்பா பிழைத்து வந்த பிறகு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

"குக்கர் வெச்சாச்சா?" என்றார் கணவர். "வெச்சாச்சு" என்றேன். சற்றுப் பொறுத்து, "குக்கர் வெச்சாச்சா?" என்றார்.

அடுப்பை அணைத்தேன். "வெச்சாச்சுங்க. வாங்க, ஹாஸ்பிடல் போலாம். நான் டிரைவ் பண்றேன்."

குனிந்து அவர் ஷூ லேஸைக் கட்டினேன். முடிச்சு விழவே இல்லை. அந்தப் பொத்தான்களை நினைத்து இனி எனக்குச் சிரிப்பு வராது.