தையல்காரர் கேட்ட அட்டை

கால்நடை மருத்துவமனையில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கும் அந்த அம்மாவை எல்லோரும் ஊசி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வருடத்துக்கு ஒரு முறை தோளில் ஐஸ் பெட்டியை மாட்டிக்கொண்டு, வீடு வீடாகப் போய் நாய்க்கும் பூனைக்கும் வெறிநோய்த் தடுப்பூசி போடுவார். கேட்டைப் பிய்த்தெறிவதுபோலக் குரைக்கிற நாய்கூட அவரைக் கண்டால் வாலைச் சுருட்டிக்கொள்ளும். "எறும்பு கடிச்ச மாதிரிதான், அதுக்குத் தெரியவே தெரியாது" என்று சொல்லிக்கொண்டே கழுத்துத் தோலைக் கிள்ளித் தூக்குவார். பயந்துபோய்க் கண்ணை மூடிய வீட்டுக்காரர் திறந்து பார்ப்பதற்குள் வேலை முடிந்திருக்கும்.

அக்கா வீட்டிலும் ஒரு பூனை உண்டு. சாம்பல் நிறம், நல்ல சாப்பாட்டுக்காரி. நான்கு வயதாகியும் அதற்கு ஒரு ஊசிகூடப் போட்டதில்லை. ஐஸ் பெட்டியின் மூடி திறக்கிற சத்தம் கேட்டாலே பீரோ மேல் ஏறிவிடும். அங்கிருந்து அது பார்க்கிற பார்வையில் அக்காவுக்கு மனசே வராது. "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று மருந்தைத் திரும்பப் பெட்டியில் வைத்துவிடுவார்.

"ஊருக்கெல்லாம் குத்துற, உன் மகாராணிய மட்டும் தொட மாட்டேங்குற" என்பார் அவர் கணவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

"நீங்க புடிச்சுக் குடுங்களேன்."

அவ்வளவுதான், மனிதர் மறுபடி பேப்பருக்குள் போய்விடுவார்.

இந்த வருடம் அடுத்த தெருவுக்குப் போனபோது தையல்காரரிடம் மாட்டிக்கொண்டார். தையல்காரரின் கடையில், மிஷினுக்கு அடியில் துண்டுத் துணிகளின் மேல் ஒரு கிழட்டு நாய் எப்போதும் தூங்கிக்கொண்டிருக்கும். வலிக்குமே என்று இரண்டு வருடமாக அதற்கு ஊசி போட விடாமல் தட்டிக் கழித்துவந்தார்.

"பயப்படாதீங்கண்ணே, எங்க வீட்டுப் பூனைக்கே போட்டிருக்கேன்" என்று அக்கா ஒரு வேகத்தில் சொல்லிவிட்டார்.

"அப்படியா? அதோட அட்டையக் கொண்டாந்து காட்டுங்க. பாத்துட்டு இவனுக்குப் போட்டுக்கலாம்."

தடுப்பூசி அட்டை பையிலேயே கட்டுக்கட்டாக இருந்தது. நினைத்தால் ஒன்றை எழுதி நீட்டியிருக்கலாம். அக்கா இரண்டு வீடு தள்ளிப் போனார். நின்றார். திரும்பி வந்தார்.

"பொய் சொல்லிட்டேண்ணே. அதுக்கு இன்னும் போடல. எனக்குக் கை வரல."

தையல்காரர் வாயில் கவ்வியிருந்த குண்டூசியை எடுத்துப் பத்திரமாக வைத்துவிட்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு, "சாயங்காலம் வர்றேன். நான் புடிச்சுக்கறேன், நீங்க போடுங்க" என்றார்.

சொன்னபடியே கெட்டியான துணி ஒன்றோடு வந்து தரையில் உட்கார்ந்தார். அவர் கழுத்தில் தொங்கிய அளவுநாடா பூனைக்குப் பிடித்துவிட்டது. நுனியைப் பிடித்து விளையாடிக்கொண்டே மடியில் ஏறியது. கழுத்துக்குக் கீழே ஒரு மடிப்பு, வாலுக்கு ஒரு மடிப்பு. பூனைக்கு விவரம் புரிவதற்குள் அது துணிப் பொட்டலமாகிவிட்டது.

"சீக்கிரம் போடுங்கம்மா!"

"பாத்து, பாத்து!" கணவரின் குரல் சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது.

அக்கா போட்டுவிட்டார். பூனை சின்னச் சத்தம்கூடப் போடவில்லை. அக்காதான் மூக்கை உறிஞ்சினார்.

மறுநாள் காலை கிழட்டு நாயின் முறை. தையல்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஊசி ஏறியபோது "ஐயோ!" என்று கத்தியது அவர்தான்; நாய் தூக்கத்தில் காதை மட்டும் ஆட்டியது.

மூன்று நாள் பூனை அக்காவின் முகத்தில் விழிக்கவில்லை. கணவர் கையால் சாப்பிட்டு, கணவர் மடியில் தூங்கியது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

"கெட்டியாப் புடிக்கணும் சார். அதுலதான் இருக்கு விஷயம்."