மனப்பாடத்தில் இல்லாத வரி

நான் ஒரே ஒரு மாலை ஆணாக இருந்திருக்கிறேன். அதுவும் சும்மா ஆண் இல்லை, தேசத் தலைவர். ஷார்ஜாவில், ஆகஸ்ட் மாத வெக்கையில், கழுத்துவரை பட்டன் போட்ட கறுப்பு ஷெர்வானியும் கம்பளித் தொப்பியும் மாட்டிக்கொண்டு. அப்போது எனக்கு ஒன்பது வயது.

அந்தத் தலைவரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் நீங்கள் என் கதையை விட்டுவிட்டு அவரைப் பற்றி வாதாட ஆரம்பித்துவிடுவீர்கள். வெள்ளைக்காரனை எதிர்த்து எழுதிச் சிறைக்குப் போனவர், முஸ்லிம்களுக்குத் தனிநாடு வேண்டாம் என்று கடைசிவரை மல்லுக்கு நின்றவர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவரைத் தேர்ந்தெடுத்தது அம்மா. அவள் ஊரில் பி.ஏ. வரலாறு படித்தவள். இங்கே வந்தபின் அந்தப் பட்டம் சூட்கேஸின் அடியில் கிடந்தது. தமிழர் சங்கம் சுதந்திர தினத்துக்கு மாறுவேடப் போட்டி அறிவித்ததும் அம்மாவுக்குள் இருந்த வரலாற்று மாணவி விழித்துக்கொண்டாள்.

ஷெர்வானிக்கு எங்கே போவது? எதிர் ஃபிளாட்டில் ஒரு லாகூர்க்காரக் குடும்பம் இருந்தது. அவர்களுடைய சுதந்திர தினம் நமக்கு ஒரு நாள் முந்தியது. அந்த வீட்டுப் பையன் தன் நாட்டை உண்டாக்கிய தலைவராக வேடம் போட்டு முடித்து, உடுப்பைக் கழற்றிப் போட்டிருந்தான். அம்மா போய்க் கேட்டாள். யாருடைய வேடத்துக்கு என்பதையும் மறைக்கவில்லை. இவர் உங்கள் ஆளோடு சண்டை பிடித்தவர் என்று நேராகவே சொன்னாள். அந்த ஆண்ட்டி விழுந்து விழுந்து சிரித்தாள். அவர்கள் சண்டையை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், நீ பட்டனைத் தொலைக்காமல் கொண்டுவந்து சேர் என்று என்னிடம் உருதுவில் சொல்லி, தொப்பியையும் சேர்த்துக் கொடுத்தாள்.

விசிட் விசாவில் வந்து எங்கள் ஹாலில் படுத்துக்கொண்டு வேலை தேடிய மாமா, ஐப்ரோ பென்சிலால் எனக்கு மீசை வரைந்தார். தள்ளி நின்று பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் ஒரே டெய்லரு போலருக்கே" என்றார். அம்மா முறைத்தாள்.

பேச்சையும் அம்மாதான் எழுதினாள். "நான் சிறையிலிருந்து வருகிறேன்" என்று தொடங்கும். அதை நான் குர்ஆன் வகுப்பில் ஓதிப் பழகிய மாதிரியே மனப்பாடம் செய்தேன். நடுவில் தடுக்கினால் திரும்பவும் முதலிலிருந்து. ஓர் எழுத்தைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. உஸ்தாதிடம் வாங்கிய அடி அப்படி. முதல் வரி வாயில் வந்துவிட்டால் மற்றவை தானாக வரும். வராவிட்டால் எல்லாம் போச்சு.

விழா வெள்ளிக்கிழமை மாலை, ஒரு பள்ளிக்கூட அரங்கில். மேடைக்குப் பின்னால் ரப்பர் மொட்டைத் தலையோடு சில மகாத்மாக்கள் கம்புச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். முண்டாசு கட்டிய ஒருவன் மீசை கரைய அழுதுகொண்டிருந்தான். அங்கேதான் சங்கச் செயலாளர் என்னைப் பார்த்தார். அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, தொழில்பேட்டையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வேலை வாங்கித் தந்தவர் அவர். அத்தாவின் விசா புதுப்பிக்கும் நேரம் வேறு. அவர் முன்னால் அத்தா எப்போதும் கொஞ்சம் குனிந்தே நிற்பார்.

"என்ன பாய், இன்னைக்குப் போயி இந்த ஆளையா கொண்டாந்து நிறுத்துவீங்க?"

தனிநாடு கேட்டவர் இல்லை, இவர் அதை எதிர்த்தவர் என்று அத்தா திக்கித் திணறிச் சொன்னார். செயலாளருக்கும் அது புரிந்தது. "எனக்குத் தெரியுதுங்க. சனத்துக்குத் தெரியணுமே?" என்றார். கெட்ட மனிதர் இல்லை அவர். வழியும் அவரே சொன்னார். எடுத்தவுடன் 'நான் இந்தியன், என் நாட்டை நேசிக்கிறேன்' என்று பாப்பா ஒரு வரி சொல்லிவிட்டால் போதும், பிரச்சினை கலாஸ். இல்லையென்றால் மேடையேற்ற முடியாது.

"ஒரு வரிதானே, சொல்லிட்டுப் போகட்டுமே" என்றார் அத்தா.

அம்மா முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டாள். "அந்தக் கம்பு வச்சிருக்கிற புள்ளைங்க சொல்லுதுங்களா? முண்டாசு கட்டுனவன் சொல்றானா? எல்லாரும் சொல்லட்டும். எம் மவளும் சொல்லுவா."

எனக்கு அவமானமாக இருந்தது. எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். அம்மா ஏன் இப்படி வம்புக்கு நிற்கிறாள் என்று கோபம்கூட வந்தது. அதற்குள் மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். செயலாளர் குனிந்து என் காதில் அந்த வரியை இன்னொரு முறை சொல்லி, முதுகில் தட்டி அனுப்பினார்.

விளக்கு வெளிச்சத்தில் நின்றேன். கீழே ஒரு சலசலப்பு. "இவரு எங்கடா இங்க வந்தாரு?" என்று யாரோ கேட்க, சிரிப்பு பரவியது. பக்கவாட்டுத் திரையோரம் செயலாளர் வாயசைத்தார்: நான் இந்தியன், நான் இந்தியன். கீழே இறங்கிப் போயிருந்த அம்மா முன்வரிசையில் தனியாக நின்றுகொண்டிருந்தாள். உட்காரச் சொல்லி மாமா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். நான் ஷெர்வானி பட்டனைத் திருகினேன். பிறகு திரைப்பக்கம் திரும்பி, மைக் திறந்திருப்பதை மறந்து, உரக்கவே சொன்னேன்.

"அது ஸ்பீச்ல இல்ல அங்கிள்."

மைக்கின் பக்கம் திரும்பினேன். நான் சிறையிலிருந்து வருகிறேன் என்று தொடங்கினேன். எங்கும் தடுமாறவில்லை. என் பேனாவைப் பிடுங்கினார்கள், நான் எழுதினேன். பிரிந்து போகிறவர்களை மறித்தேன். நான் போகவில்லை, நீங்களும் வீட்டை விட்டுப் போகாதீர்கள். கடைசி வரியில், தொழிலாளர் கேம்பிலிருந்து பஸ்ஸில் வந்து பின்வரிசையில் நின்றிருந்த ஆட்கள் கைதட்டினார்கள். வீட்டை விட்டுக் கடல் தாண்டி வந்தவர்கள் அத்தனை பேரும்.

எனக்குப் பரிசு கிடைக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் அத்தா ரோட்டோரம் காரை நிறுத்தி, கேட்காமலேயே எனக்கு ஷவர்மா வாங்கித் தந்தார். பின்சீட்டில் அம்மா என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மீசையெல்லாம் தன் கன்னத்தில் ஒட்டும்படி முத்தமிட்டு, தேம்பித் தேம்பி அழுதாள். அப்போதுதான் பார்த்தேன், ஷெர்வானியின் மேல் பட்டனைக் காணவில்லை. திருகித் திருகி நானே பிய்த்துவிட்டிருக்கிறேன். அம்மா அதற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்து, "ஆண்ட்டி திட்ட மாட்டாங்கம்மா" என்று சமாதானம் சொன்னேன். அவள் இன்னும் அதிகமாக அழுதாள்.

நான் வீரமாகப் பேசியதாக அவள் நம்பினாள். புதிதாக ஒரு வரியை முதலில் சேர்த்தால் மற்றதெல்லாம் மறந்துவிடும் என்று பயந்ததைத் தவிர நான் வேறெதுவும் செய்யவில்லை. மற்ற பிள்ளைகளிடம் கேட்காத வரியை என்னிடம் மட்டும் ஏன் கேட்டார்கள் என்பது அன்று எனக்குப் புரியவில்லை.

பிறகு புரிந்தது. அந்த வரி என்னை விடவில்லை. சென்னையில் வாடகைக்கு வீடு தேடியபோது வந்தது. கிரிக்கெட் நடக்கும் நாட்களில் துபாய் அலுவலகத்துக்கே வந்து, சிரித்த முகத்தோடு என் மேசைக்குப் பக்கத்தில் நிற்கிறது. நாட்டை நான் நேசிக்கிறேன். அது என் வீடு. ஆனால் அந்த வரியை மட்டும் நான் இன்னும் மனப்பாடம் செய்யவில்லை.