நான் அனுப்பாத மெயில்

2004-இல், ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்து திருத்தணி கொஞ்சம் மூச்சுவிட்ட வாரம் அது. ஆவணியில் மலைக்கோயிலில் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. நிச்சயத்துக்குப் பிறகு நாங்கள் மெயிலில்தான் பேசிக்கொண்டோம்.

அன்று காலை மாப்பிள்ளையின் அம்மா நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, போன் செய்தார். "உங்க பொண்ணுக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டம் இல்லியாமே? எம்புள்ளைக்கு மெயில் போட்டிருக்கா" என்றார். சத்தியமாக நான் அனுப்பவில்லை. ஆனால் அனுப்பியவர் இடத்தில் என் முகவரிதான் இருந்ததாம்.

நைனா என்னை நம்பினார். அதுவே வினையானது. "நீ அனுப்பலன்னா, உன் பாஸ்வேர்டு வேற யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார். பாவாவுக்குத் தெரியும். என் அத்தை மகன். பஸ் ஸ்டாண்டு அருகே பிரௌசிங் சென்டர் வைத்திருந்த அவர்தான் எனக்கு மெயில் கணக்கே திறந்து கொடுத்தார். முறை மாப்பிள்ளை வேறு. "தனக்குக் கெடைக்கலன்னு கெடுக்கறான்" என்று நைனா முடிவே கட்டிவிட்டார். பாவாவுக்கு அப்படி ஒரு நினைப்பே கிடையாது என்று நான் கத்தினேன். யார் காதில் விழுகிறது!

கடைக்குப் போன நைனாவின் பின்னாலேயே நானும் ஓடினேன். அங்கே ஆட்கள் பார்க்கவே அவர் பாவாவின் சட்டையைப் பிடித்துவிட்டார். பாவா பதறிப்போய் என் கணக்கைத் திறந்து காட்டினார். அனுப்பிய மெயில்களில் அது இல்லை.

"அழிச்சிருப்பே" என்றார் நைனா.

"இல்ல மாமா. இதுக்கு பாஸ்வேர்டே வேணாம். தபால் கவர்ல அனுப்புறவங்க எடத்துல யார் பேரை வேணும்னாலும் எழுதலாம் இல்ல? அதே மாதிரிதான் இதுவும்."

"பாரு, வித்தையெல்லாம் தெரிஞ்சி வச்சிக்கினுதான் பேசறான்!"

பாவா சொன்ன உண்மையே அவருக்கு எதிராகத் திரும்பிவிட்டது. நான் கிளம்பும்போது அவர் மெதுவாக, "அது எந்தக் கம்ப்யூட்டர்லேர்ந்து கெளம்புச்சுன்னு மெயிலுக்குள்ளயே இருக்கும். அழிச்சிடாம மாப்பிள்ளைய பாக்கச் சொல்லும்மா" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் வெட்கமெல்லாம் பறந்துவிட்டது. எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் மாப்பிள்ளையின் ஆபீசுக்கே போன் போட்டேன். "நான் எழுதலைங்க" என்றேன். "எனக்கும் நம்ப முடியல. அம்மாதான் அவசரப்பட்டுட்டாங்க" என்றார். பாவா சொன்னதைச் சொன்னேன். சாயங்காலத்துக்குள் விஷயம் வெளியே வந்துவிட்டது. மெயில் கிளம்பியது மாப்பிள்ளையின் ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்றிலிருந்துதான். கூட வேலை செய்கிற ஒருவர் விளையாட்டுக்குச் செய்தாராம். விளையாட்டு!

கல்யாணம் நின்றுபோகாமல் தப்பியது. மறுநாள் நைனா கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன். "தப்பா நெனச்சிட்டேன்டா" என்றார். பாவா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க மாமா. உங்க தோள்மேல வளந்தவன் நான். 'நீதானாடா'ன்னு ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டிருக்கலாமே."

நைனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

தெரிந்தவர் பெயரில் விபரீதமாக ஒரு மெயில் வந்தால் இப்போதெல்லாம் நான் அதை நம்புவதும் இல்லை, அதற்குப் பதில் போடுவதும் இல்லை. அவருக்கே போன் செய்து கேட்டுவிடுகிறேன். ஆனால் என்னோடு நேரில் சரியாகப் பேசிக்கூடப் பழகாத மாப்பிள்ளை என் வார்த்தைக்காக அந்த மெயிலைத் துருவிப் பார்த்தபோது, தூக்கி வளர்த்த பிள்ளையிடம் நைனாவுக்கு ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லையே என்பதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.