பள்ளிக்கூடத்துக்குப் பந்தல் போட்ட கதை

போன வாரம் ஒரு காலை. ராஜபாளையம் தாண்டி, தளவாய்புரம் போகிற வழியில் ஓர் ஊர். அங்கே தொடக்கப்பள்ளி வாசலில் தலைமை ஆசிரியையே ஒரு வாளித் தண்ணீரைக் கோலத்தின் மேல் கொட்டிக்கொண்டிருந்தார். விளக்குமாற்றால் வேறு பரபரவென்று தேய்த்தார். கோலம் போட்ட பெண்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

டீச்சருக்கு என்ன ஆச்சு என்கிறீர்களா? ஒன்றும் ஆகவில்லை. இன்ஜினியர் வருகிற நேரம், அவ்வளவுதான்!

ஜைனம்பு டீச்சர் எங்கள் தெருக்காரர். தினமும் பஸ் பிடித்து அந்த ஊருக்குப் போய் வருகிறார். அவருடைய பள்ளியில் மூன்றாம் வகுப்பு அறையின் கூரை காரை பெயர்ந்து, கம்பி தெரிந்து, எப்போது விழுமோ என்று நிற்கிறது. பிள்ளைகளை வராண்டாவில் உட்கார வைத்துப் பாடம் நடத்துகிறார். வெயிலுக்கு வராண்டா சரி. ஐப்பசி மழைக்கு?

பஞ்சாயத்து யூனியனில் ரிப்பேருக்குப் பணம் வந்தது. ஆனால் இந்த வருடம் ஒரு பள்ளிக்குத்தான். பக்கத்து ஊர்ப் பள்ளியும் கேட்டிருந்தது. இன்ஜினியர் இரண்டையும் நேரில் பார்த்துவிட்டு, எதற்கு அவசரமோ அதற்குக் கொடுக்கலாம் என்று முடிவானது. நியாயமான ஏற்பாடுதானே?

ஆபீசர் வருகிறார் என்றால் நம் ஊரில் என்ன நடக்கும்? பெண் பார்க்க வருகிற மாதிரி வீடே தலைகீழாகும். அதேதான் நடந்தது. அம்மாமார்கள் கூடி வெள்ளையடித்தார்கள். சுவர் விரிசல்கள் மேல் சூரியக் குடும்பம், தேசியப் பறவை, தமிழ்நாடு மேப் எல்லாம் ஒட்டினார்கள். ஒரு பிள்ளையின் அப்பா சுப்பையா, கல்யாணத்துக்குப் பந்தல் போடுகிறவர். அவர் சும்மா இருப்பாரா? உடைந்த கூரை தெரியாதபடி உள்ளே சாமியானா துணியை இழுத்துக் கட்டிவிட்டார். சுற்றிலும் மஞ்சள் ஜாலர். வராண்டாவில் இருந்த பிள்ளைகளை அழைத்துவந்து, தலைக்கு எண்ணெய் வைத்து, அதற்குக் கீழே வரிசையாக உட்கார வைத்தார்கள்.

இன்ஜினியர் வந்தார். பணியாரம் சாப்பிட்டார். டீ குடித்தார்.

“எம்புட்டு அழகா வச்சிருக்கீங்க டீச்சர்!” என்று அத்தனை பேர் முன்னாலும் பாராட்டினார்.

டீ குடித்த பொறவு கூரை விஷயத்தைச் சொல்லலாம் என்று காத்திருந்த நம் டீச்சர், அந்தப் பாராட்டில் குளிர்ந்துபோய், “எல்லாம் உங்க ஆசிதான் சார்” என்று சொல்லி ஜீப் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார். ஜீப் கிளம்பிய பிறகுதான் அவருக்குச் சொல்ல வந்தது ஞாபகம் வந்தது!

பக்கத்து ஊரில் எந்த அலங்காரமும் இல்லை. காம்பவுண்டு சுவர் பாதி விழுந்து கிடந்தது. ஆடு ஒன்று வகுப்புக்குள் நின்று இன்ஜினியரை வரவேற்றது. முதலிடம் யாருக்கு? நீங்களே சொல்லுங்கள்.

யூனியன் ஆபீசில் கூட்டம். துணைக்கு வாங்கக்கா என்று என்னையும் கூட்டிப்போனார் டீச்சர். பக்கத்து ஊர்ப் பள்ளிக்குத்தான் பணம் என்று யூனியன் அதிகாரி பி.டி.ஓ. சொல்லப்போன நேரம், ஜைனம்பு எழுந்து, அங்கே இருந்த இன்ஜினியரைப் பார்த்துச் சொன்னார்.

“சார், அன்னைக்கு நீங்க பாத்தது எங்க பள்ளிக்கூடமே இல்ல. கல்யாண மண்டபம்!”

சிரிப்பு அடங்கச் செத்த நேரம் ஆனது. முழுக் கதையையும் கேட்ட பி.டி.ஓ., “அப்பவே ஏம்மா சொல்லல?” என்றார்.

“வந்தவிய கிட்ட எடுத்த எடுப்புல வீடு ஒழுகுதுன்னு எப்படி சார் சொல்றது?”

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. டாக்டரைப் பார்க்கப் போகும்போதே முகம் கழுவி, பவுடர் போட்டு, “நல்லாருக்கேன் டாக்டர்” என்று ஆரம்பிக்கிற ஜனங்கள்தானே நாம்?

நாளைக்கே மறுபடி வருவதாக இன்ஜினியர் சொன்னார். பக்கத்து ஊர்ப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவி முத்துமாரியையும் வரச் சொன்னார். மாற்றி எழுதினால் அவர்கள் ஊருக்கும் காரணம் தெரிய வேண்டுமல்லவா? “டீச்சர், தயவுசெஞ்சு எதையும் தொடாதீங்க!” என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

டீச்சர் தொடவில்லை. ஆனால் இன்ஜினியர் வருகிற சேதியை ஊருக்குச் சொன்னவர், எதையும் தொடவேண்டாம் என்று சொல்ல மறந்துவிட்டார்! மறுநாள் காலை நாங்கள் போய் இறங்கினால், வாசலை அடைத்து அந்தக் கோலம். உள்ளே மறுபடியும் சாமியானா.

“போன தடவை சாருக்குப் பிடிச்சிருந்துச்சுல்ல... அதான் ராத்திரியே கட்டிட்டேன்” என்றார் சுப்பையா பெருமையாக. கோலத்தை அழித்து முடிப்பதற்குள் ஜீப்பும் முத்துமாரியும் வந்துவிட்டார்கள்.

இன்ஜினியர் துணியை அண்ணாந்து பார்த்தார். பெருமூச்சு விட்டார். “எல்லாரும் வெளிய வாங்க. சுப்பையா, வாசல்ல நின்னே கயித்த அவுருங்க.”

கயிறு அவிழ்ந்தது. துணி சரிந்தது. கூடவே தொம்மென்று ஒரு சத்தம். தேங்காய் அளவு காரைக்கட்டி ஒன்று தரையில் விழுந்து சிதறியது. இரவு கட்டிய துணியின் மேல் எப்போதோ விழுந்து கிடந்திருக்கிறது.

அந்த இடத்தில்தான் போன தடவை பிள்ளைகளை எண்ணெய் வைத்து உட்கார வைத்திருந்தார்கள். ஜைனம்பு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டார். “பிள்ளைகளை இதுக்குக் கீழயா உக்கார வச்சேன்...” சுப்பையா துணியை மடிக்கக்கூட மறந்து நின்றார்.

முத்துமாரிதான் முன்னால் வந்தார். “சார், எங்க சுவரு இன்னும் ஒரு வருசம் அப்படியே கெடக்கட்டும். ஆடு வந்தா வெரட்டிக்கிடலாம். இது விழுந்தா வெரட்ட முடியுமா? மொதல்ல இதப் பாருங்க.”

இன்ஜினியர் அங்கேயே பி.டி.ஓ.வுக்குப் போன் போட்டார். கூரைக்கு இந்த வருடம், சுவருக்கு அடுத்த வருடம் என்று முடிவானது. மழைக்கு முன்னால் வேலை தொடங்கிவிடும். அதுவரை மூன்றாம் வகுப்புக்கு சத்துணவுக் கூடத்தில் இடம். ஜைனம்பு முத்துமாரியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. தன் ஊருக்கு வரவேண்டியதை இன்னொரு ஊருக்கு விட்டுக்கொடுக்க எத்தனை பேருக்கு மனசு வரும்?

முத்துமாரி பஸ் ஏறப் போகும்போது நானும் கூடவே நடந்தேன். அதற்குள் அவர் போனை எடுத்து ஊருக்குச் சேதி சொல்ல ஆரம்பித்திருந்தார்.

“ஏட்டி, நம்ம சுவத்துக்கு அடுத்த வருசம்தானாம். எல்லார்ட்டயும் சொல்லிரு... அதுவரைக்கும் ஒருத்தரும் வெள்ளையடிச்சுப்புடக் கூடாது!”