ஒத்தையாள் இடுக்கு

இது கட்டுக்கதை இல்லை. 1936-ஆம் வருஷம், சித்திரா பௌர்ணமிக்கு மறுநாள், பட்டப்பகலில் நடந்தது. பஞ்சம்மாள் இன்னும் கோம்பையில்தான் இருக்கிறாள். சந்தேகம் உள்ளவர்கள் போய்க் கேட்கலாம். அவள் சொல்லுவாளா என்பது வேறு விஷயம்.

ஊருக்கு மேற்கே மலையுச்சியில் ஓர் அம்மன் கோயில். வருஷத்துக்கு ஒரே நாள், சித்திரா பௌர்ணமி அன்றுதான் விழா. அன்றைக்குக் கம்பம், போடி, ஆண்டிபட்டி என்று எங்கிருந்தெல்லாமோ சனம் வந்து அந்த ஒற்றையடிப் பாதையில் எறும்பாய் மொய்க்கும். பாவத்தைத் தொலைக்கத்தான் ஏறுகிறார்கள். பாவம் தொலைகிறதோ என்னவோ, எச்சில் இலையும் சிரட்டையும் உடைந்த சோடா பாட்டிலும் மலையிலேயே கிடந்துவிடும்.

உச்சிக்குச் சற்றுக் கீழே ஒத்தையாள் இடுக்கு. இரண்டு பாறைகளுக்கு நடுவே நூறடி நீள வெடிப்பு. மேலே போக வேறு வழி கிடையாது. உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, முன்னால் போகிறவர் துணியைப் பிடித்துக்கொண்டு நகர வேண்டும். நுழைந்தபின் தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்க முடியாது. ஏறுகிற வரிசையில் கடைசி ஆள் மேலே வந்ததும், "நாந்தேன் கடேசி!" என்று கத்துவார். அதற்குப் பிறகுதான் மேலே காத்திருப்பவர்கள் இறங்கலாம். இது நடப்பதற்கு ஒன்பது வருஷத்துக்கு முன்னால் எவனோ ஓர் அவசரக்காரன், பின்னால் ஆள் இருக்கும்போதே கத்திவிட்டான். இரண்டு கூட்டமும் உள்ளே முட்டிக்கொண்டன. பதினொரு பேர் நின்றபடியே செத்துப்போனார்கள்.

பஞ்சம்மாளின் புருஷன் கருத்தக்கண்ணனுக்குப் பிறவியிலேயே பேச்சு வராது. அவனால் அந்தச் சொல்லைக் கத்த முடியாது. அதனால் இடுக்கில் எப்போதும் அவன் முன்னால், அவள் பின்னால். அவனுக்கு அவள்தான் வாய்.

விழாவுக்கு மறுநாள் குப்பை கூட்ட, விழாக் கமிட்டிக்காரர் சண்முகராஜ்தான் அவர்களை அனுப்பினார்.

"ஏத்தா பஞ்சம்மா, மழைக்கு முன்னால இடுக்கைக் கூட்டிப்புடுங்க. இலை ஊறிச்சுன்னா சனம் வழுக்கி விழுகும்."

இடுக்கின் வாசலுக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது பக்கத்து ஏலக்காய்த் தோட்டத்து மணி மூன்று அடித்தது. அதற்குள் கருத்தக்கண்ணன் காலில் முள் ஆழமாய் இறங்கியிருந்தது. ஊன்ற முடியவில்லை. அவள் அவனை நிழலில் உட்கார வைத்தாள்.

"மாமா, இங்கனயே உக்காந்திரு. இருட்டுறதுக்குள்ள வந்துருவேன்."

அவன் தலையை ஆட்டினான். பேச்சில்லாத மனுஷனைத் தனியே விட்டுவிட்டுப் போகிறோமே என்று அவளுக்கு மனசு அடித்துக்கொண்டது. ஆனாலும் நுழைந்தாள்.

ஒரு கையில் சாக்கு. ஒரு கையில் கூர்க்குச்சி. இலையைக் குத்துவதும் சாக்கில் திணிப்பதுமாக நகர்ந்தாள். பாதி தூரத்தில் ஓர் இலை. அதில் புளியோதரை. காலில் பட்டது.

சூடாக இருந்தது.

நேற்றுப் போட்ட இலை...

வெயில் பாறையைச் சூடேற்றியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் வெயில் இல்லை. மேற்கே மேகம் இறங்கியிருந்தது.

பிறகு சத்தம். சரக்... சரக்... முன்னால், வெறுங்கால்கள் தரையில் தேய்கிற சத்தம். ஒன்றிரண்டு கால்கள் இல்லை. வேர்வையும் திருநீறும் கலந்த வாடை வந்தது. கண்ணுக்கு ஒருவரும் தெரியவில்லை.

புருஷனிடம் போய்விட வேண்டும். ஒரு காலைப் பின்னால் எடுத்து வைத்தாள்.

தோள் யார் மேலோ இடித்தது.

பின்னால்... ஆள்.

முந்தானையை ஒரு கை பிடித்தது.

மேலிருந்து ஓர் ஆண் குரல்:

"கடேசி ஆள் ஏறியாச்சா?"

முன்னாலிருந்து ஏதோ அவள் நெஞ்சை அழுத்தியது. பாறை இல்லை. மெத்தென்று, வெதுவெதுப்பாக, மூச்சுவிட்டது.

"ஏறியாச்சா...?" பத்துக் குரல்.

மூச்சு முட்டியது. பின்னாலிருந்த கை முந்தானையைக் கீழ்நோக்கி இழுத்தது. பலமாக. விடாமல்.

"ஏறியாச்சா...?"

அவள் கத்திவிட்டாள்.

"நாந்தேன் கடேசி! எனக்குப் பின்னாடி ஆள் இல்ல!"

சேலை கிழிந்தது. நெஞ்சின் பாரம் விலகியது. விழுந்து எழுந்து மேலே ஓடி வந்தாள். மணி ஐந்து.

மேலே ஒருவரும் இல்லை. எச்சில் இலைகள் மட்டும்.

அந்த இலைகள்... ஒவ்வொன்றாக நசுங்கின. காலடிகள் அவளைக் கடந்து இடுக்குக்குள் இறங்கின.

உள்ளேயிருந்து ஒரு கத்தல். சொல் இல்லாத கத்தல்.

அந்தத் தொண்டையை அவளுக்குத் தெரியும்.

"மாமா!"

பாய்ந்தாள். நுழைய முடியவில்லை. இடுக்கு காலியாகத்தான் தெரிந்தது. ஆனால் நிறைந்திருந்தது.

விடியும்வரை அந்த மேல் வாசலில் முட்டி முட்டி அழுதாள். காலையில் சண்முகராஜும் நாலு ஆட்களும் கீழிருந்து வந்தார்கள். கருத்தக்கண்ணன் இடுக்கின் நடுவில் நின்றுகொண்டிருந்தான். விழ இடமில்லை. வலது கையில் அவள் முந்தானைத் துண்டு. கீழே இருந்து என்னத்தைப் பார்த்தானோ, முள் தைத்த காலோடு ஏறி, அவளை வெளியே இழுக்க வந்திருக்கிறான்.

கூட வந்த கம்பவுண்டர் ஜேசுராஜ் அவன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். "எலும்பு பூராவும் நொறுங்கியிருக்கு. இது கூட்டத்துல நசுங்குன ஒடம்புய்யா" என்றார்.

அடுத்த சித்திரைக்கும் கூட்டம் வந்தது. இலை போட்டது. பஞ்சம்மாள் மட்டும் அந்த மலைப் பக்கம் திரும்பவில்லை.

ஒன்றை மட்டும் சண்முகராஜ் வெகுநாள் மறைத்து வைத்திருந்தார். கருத்தக்கண்ணனின் வேட்டி முனை பின்பக்கம் கசங்கிக் கிடந்ததாம். அதில் குங்குமம் அப்பிய ஐந்து விரல் தடங்கள். சின்ன விரல்கள். அந்தப் பழைய நெரிசலில், வரிசையில் கடைசியாக நின்று செத்தது ஆறு வயசுப் பெண்பிள்ளை. 'நான் இன்னும் வரலை' என்று கத்தினாளாம். மேலே இருந்த யாருக்கும் கேட்கவில்லை.