சுவருக்கு முதற்பாட்டு

அச்சுவேலிச் சந்தைக்குப் பின்னால், மழைக்கு ஒதுங்கித் தகரக் கொட்டகைக்குள் நுழைகிறேன். முன்பு ஊமைப்படம் காட்டிய பயாஸ்கோப்; இப்போது நாடகக் கொட்டகை. படம் விழுந்த வெள்ளைச் சுவர் மேடைக்குப் பின்னால் அப்படியே நிற்கிறது. பகல் ஒத்திகை. ராசா வேடக்காரர் நமக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்துப் பாடுகிறார்.

"ஏன் அண்ணை, அவர் அங்காலை பார்த்துப் பாடுறார்?" மேடையோரம் இருந்த ஆர்மோனியக்காரரைக் கேட்கிறேன்.

"உந்தச் சுவரிலை படத்திலை வந்த ஆக்கள் வாயை மட்டும் அசைச்சவை, தம்பி. சத்தம் கிடைக்கேல்லை. முதல் பாட்டு அவைக்கு. குடுக்காட்டி தாங்களே எடுத்துப்போடுவினம்."

அடுத்து ஏறிய புது நடிகர் இதைக் கேட்டுச் சிரிக்கிறார். நேரே நம்மை நோக்கி வாயைத் திறக்கிறார். உதடுகள் அசைகின்றன, கழுத்து நரம்பு புடைக்கிறது. தகரத்தில் மழைச் சத்தம் ஓய்ந்திருந்தும் அவரிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை.

பாட்டு சுவரிலிருந்து வருகிறது.